மாடத்தியின் வலது கால்

மாடத்தி பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வந்தது. அதுவும் வலது கால். தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிய காரியம் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் பிள்ளை எழுந்து நிற்கத் தொடங்கியதும் அந்தக் காலுக்கு ராஜபாளையத்தில் தனி மதிப்பு வந்துவிட்டது.

இடுப்புப் பிடித்துக்கொண்டால், கால் முன்னே வந்து பிறந்தவரைத் தேடிப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். வலிக்காரர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கால் முன்னே வந்தவர் வலது பாதத்தை இடுப்பில் வைத்து மூன்று முறை மிதித்துத் தள்ளுவார். பிடிப்பு விட்டுவிடும் என்று நம்பிக்கை. காசு வாங்கக் கூடாது. வெற்றிலை பாக்கு வைத்தால் போதும்.

மாடத்திக்கு வயது ஐந்து இருக்கும்போதே பெரிய பெரிய ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள். கால் எட்டாது என்பதால் அண்ணன் சௌந்தரபாண்டியன் அவளை இடுப்போடு பிடித்துத் தூக்கிக் கொடுப்பான். பஞ்சு வியாபாரி, மில் மேஸ்திரி, கோவில் தர்மகர்த்தா என்று யார் முதுகையும் அவள் மிதித்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவளைப் பிரம்பால் அடித்த வாத்தியார் ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கு மட்டும் நாலு மிதி விழுந்தது.

"மூணுதான தாயி மிதிக்கணும்?" என்றார் அவர்.

"நாலாவது அந்தப் பிரம்புக்கு சார்" என்றாள்.

வாத்தியாரே சிரித்துவிட்டார். அண்ணன்காரன் இதைப் பிற்பாடு சொல்லாத ஆள் கிடையாது.

வளர்ந்து, கல்யாணமாகி, மாடத்தி அதே ஊரில் சீனிச்சாமியின் தறி செட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி அங்கே ஓடியது. மெல்லிய துணி, கண்ணறை கண்ணறையாக இருக்கும். நூல் அறுந்தால் துணி முழுக்கக் கெட்டுவிடும். நாலு விசைத்தறிகளுக்கு நடுவே நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பாள். எந்தத் தறியில் நூல் அறுபடப் போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அந்த நாலு தறிகளையும் 'மாடத்தி தறி' என்றுதான் செட்டில் சொல்வார்கள். கணவன் குருசாமி மில்லில் ஷிப்டு வேலை பார்த்தார். மாமியார் ரத்தினம் வீட்டைப் பார்த்துக்கொண்டார். குடும்பம் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

1991ஆம் வருஷம் ஆடி மாதம் அது நடந்தது. பாவு நூல் சுற்றிய இரும்பு பீமைத் தறியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். அன்றைக்குக் கூடப் பிடிக்கிற ஆள் சாப்பிடப் போயிருந்தான். தறி சும்மா நிற்கிறதே என்று மாடத்தி தனியாகவே குனிந்து, பீமின் ஒரு முனையைத் தூக்கி, அப்படியே உடம்பைத் திருப்பி வைத்தாள். இடுப்பில் ஏதோ நழுவின மாதிரி இருந்தது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

ஆனால் வலி இடுப்பில் இல்லை. வலது பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் வழியாகப் பெருவிரல் வரைக்கும் கரண்ட் அடிப்பதுபோல் போயிற்று. தும்மினால் அடித்தது, இருமினால் அடித்தது. உட்காரவே முடியாது. சோற்றை நின்றுகொண்டு சாப்பிட்டாள்.

ரத்தினத்துக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது.

"ஊர்ல உள்ளவன் வலியெல்லாம் மிதிச்சு மிதிச்சு அந்தக் காலுக்குள்ள வாங்கி வச்சிருக்கா. எம்புட்டு நாளைக்குத்தான் கால் தாங்கும்? இப்ப வெளிய வருது."

தெரு முழுக்க அதைத்தான் சொன்னது. எதிர்வீட்டுத் தெலுங்கு பேசும் அம்மாள் "அய்யோ பாபம்" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். மிதித்த கால்தானே வலிக்கிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மாடத்தியும் அதையேதான் நம்பினாள். ஊரார் முதுகையெல்லாம் மிதித்தவளுக்குத் தன் முதுகை மிதிக்க முடியாது என்பதுதான் அவளுக்குப் பெரிய ஆத்திரம்.

"தளவாய்புரத்துல கண்ணுச்சாமின்னு ஒருத்தர் இருக்காராம். அவரும் கால் முன்னாடி வந்தவருதானாம். என்னைய அங்க கூட்டிட்டுப் போங்க" என்று குருசாமியிடம் பிடிவாதம் பிடித்தாள்.

"டாக்டர்ட்ட போவோமே."

"டாக்டர் என்ன செய்வாரு? மாத்திரைதான குடுப்பாரு."

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். கண்ணுச்சாமி வைக்கோல் வியாபாரி. ஆள் பனைமரம் மாதிரி இருந்தார். பாதம் முறம் அகலம். "தங்கச்சியும் நம்ம இனந்தானா, அப்பம் நல்லாவே மிதிக்கணும்" என்று அன்போடுதான் சொன்னார். மாடத்தி நிலையைப் பிடித்துக் குனிந்து நின்றாள். முதல் மிதியிலேயே கண்ணில் பூச்சி பறந்தது. மூன்றாவது மிதிக்கு அவள் கை நிலையை விட்டுவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தாள். ராஜபாளையத்தில் இறங்கி நாலு எட்டு வைத்ததும் குருசாமி கேட்டார், "ஒத்தச் செருப்பு எங்கட்டி?"

மாடத்தி குனிந்து பார்த்தாள். வலது காலில் செருப்பு இல்லை. அது எப்போது கழன்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. பாதத்தின் மேல்பக்கம் மரத்துப் போயிருந்தது. பெருவிரலைத் தூக்கிப் பார்த்தாள். அது தரையிலேயே கிடந்தது. அதுவரைக்கும் வலியால் அழாதவள் அந்த வெறுங்காலைப் பார்த்து அழுதாள்.

இந்த நேரத்தில்தான் சீனிச்சாமி வீட்டுக்கு வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் தறி நிற்பதை அவரால் பார்க்க முடியாது.

"தீவாளி வரைக்கும் ஆளை மாத்தி மாத்தி ஓட்டிக்கிடுதேன், மாடத்தி. தீவாளி கழிஞ்சு தறி ஓட்டும்போது நீ நிக்கணும். இல்லன்னா சேத்தூர்ல இருந்து ஒரு பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கா. பொறவு என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

"நிப்பேன் மொதலாளி" என்றாள் மாடத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு.

ஆலங்குளம் சிமெண்டு பேக்டரியில் வேலை பார்த்த அண்ணனுக்கு விஷயம் போனது. சௌந்தரபாண்டியன் விடுமுறை நாளில் வந்து இறங்கினான். தளவாய்புரத்துக் கதையைக் கேட்டான். பிறகு தங்கச்சியின் மிச்சமிருந்த செருப்புக்கு ஜோடி வாங்கிவந்து, வலது செருப்பில் குதிகாலைச் சுற்றி ஒரு வார் வைத்துத் தைத்தான். "இனிமே கழலாது. கெளம்பு, டாக்டர்ட்ட போவோம்" என்றான்.

ராஜபாளையத்து டாக்டர் அவளை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால் மடங்காமல் வலது காலைத் தூக்கினார். ஒரு சாண் தூக்குவதற்குள் அவள் பல்லைக் கடித்தாள். பெருவிரலைத் தூக்கச் சொல்லி அதை ஒற்றை விரலால் அழுத்திப் பார்த்தார். சிறுநீர் கட்டுக்குள் இருக்கிறதா, இரண்டு காலும் ஒன்றுபோல் மரக்கிறதா என்று கேட்டார். அதெல்லாம் இல்லை என்றாள்.

"காலுக்கு ஒண்ணுமில்லம்மா. இடுப்புல நரம்பு நெருக்குது. சயாட்டிகான்னு பேரு. நெறைய பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பிசியோதெரபி பண்றவங்க இருக்காங்க, எழுதித் தாரேன். விரல் இன்னும் பலம் குறைஞ்சாலோ, ஒண்ணுக்குப் போறதுல சிரமம் வந்தாலோ ஒரு நிமிஷம் யோசிக்காம மதுரைக்குப் போயிரணும்."

ஆபரேஷன் என்ற வார்த்தை மட்டும்தான் மாடத்தி காதில் விழுந்தது. 'நெறைய பேருக்கு இல்லாமலே' என்பதை அண்ணன்தான் வழி நெடுக அவளுக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு கட்டில், சுவரில் கப்பி வைத்த கயிறு, ஒரு மேசை. பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ரோசம்மாள் என்ற பெண் அங்கே இருந்தாள். மாடத்தியைவிட இளையவள். மாடத்தி உள்ளே வந்த நடையை முதலில் பார்த்தாள், அப்புறம்தான் டாக்டர் சீட்டைப் பார்த்தாள்.

"கால் எப்படி இப்படி ஆச்சுன்னு நினைக்கிறீங்க அக்கா?"

மாடத்தி ஒளிக்கவில்லை. கால் முன்னே வந்து பிறந்ததையும் ஊரார் வலி காலில் சேர்ந்ததையும் சொன்னாள். சிரிப்பாளோ என்று பார்த்தாள். ரோசம்மாள் சிரிக்கவில்லை. மேசை மேல் இருந்த பேண்டேஜ் ரோல் இரண்டை எடுத்தாள். நனைத்த பஞ்சை உருட்டி இரண்டுக்கும் நடுவில் வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினாள்.

"இது எங்க துணி மாதிரி இருக்கே" என்றாள் மாடத்தி.

"உங்க துணியாவும் இருக்கும். இந்த ரெண்டு ரோலும் முதுகெலும்பு. நடுவுல இருக்கிற பஞ்சு ஜவ்வு. இப்பம் குனிஞ்சு பாரம் தூக்குறீங்க." ரோசம்மாள் முன்பக்கத்தை அமுக்கினாள். பஞ்சு பின்பக்கமாகப் பிதுங்கியது. பிதுங்கிய இடத்தில் ஒரு நூலைத் தொங்கவிட்டாள். நூலின் நுனி மேசைக்குக் கீழே வரைக்கும் தொங்கியது. "இதுதான் காலுக்குப் போற நரம்பு. அமுங்குறது மேல. வலிக்கிறது இந்த நுனியில. உங்க கால் ஒரு தப்பும் பண்ணல அக்கா. யார் வலியையும் வாங்கல."

மாடத்தி அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தறியில் துணி ஓட்டை விழுந்தால் துணியையா பிடித்துப் பார்ப்போம்? நேராகப் பின்னால் போய்ப் பீமில் எங்கே நூல் சிக்கியிருக்கிறது என்றுதானே தேடுவோம். இத்தனை நாளாக எண்ணெய் தடவியது, ஒத்தடம் கொடுத்தது எல்லாம் துணியைத் தடவியதுதான்.

"அப்பம் சிக்கு பின்னால இருக்கு" என்றாள்.

"அதேதான்" என்றாள் ரோசம்மாள்.

பிறகு அவளை முன்பக்கம் மெதுவாகக் குனியச் சொன்னாள். கால் வலி பெருவிரல் வரை ஓடியது. குப்புறப் படுக்க வைத்தாள். செத்த நேரம் கழித்து முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னாள். இடுப்பு கட்டிலிலேயே கிடக்க வேண்டும். சில தடவை தூக்கி இறக்கியதும் கேட்டாள், "பெருவிரல்ல வலி எப்படி இருக்கு?"

மாடத்தி யோசித்தாள். "கெண்டைக்கால் வரைக்கும்தான் இருக்கு. அதுக்குக் கீழ இல்ல."

ரோசம்மாள் முகம் மலர்ந்தது. "இது எல்லாருக்கும் ஒத்துவராது. உங்களுக்குக் குனிஞ்சா கூடுது, பின்னால வளைஞ்சா குறையுது. அதனால இதுதான் உங்க பயிற்சி. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. வலி கீழ இருந்து மேல ஏறணும். இடுப்புல கொஞ்சம் கூடினாலும் பயப்படாதீங்க. கால்ல கீழ இறங்குச்சுன்னா உடனே நிறுத்திட்டு எங்கிட்ட வாங்க. படுத்தே கிடக்கக் கூடாது. முடிஞ்ச அளவு நடங்க. குனிஞ்சு எதையும் எடுக்காதீங்க. யாரையும் மிதிக்க விடாதீங்க."

கடைசி வார்த்தைக்கு அண்ணன்தான் முதலில் சிரித்தான்.

வீட்டில் இருப்பது ஒரே கூடம். மாடத்தி பாயில் குப்புறக் கிடந்து நெஞ்சைத் தூக்குவதை வருகிறவர் போகிறவரெல்லாம் பார்த்தார்கள்.

"என்ன அத்த, மருமக பாம்பாட்டம் ஆடுதா?" என்று ரத்தினத்திடம் ஒருத்தி கேட்டாள்.

"பாம்புன்னா மகுடிக்கு ஆடும். இவ ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி சொன்னதுக்கு ஆடுதா" என்றார் ரத்தினம். ஆனால் யாராவது பாயை மிதித்துக்கொண்டு போனால் அவரே சத்தம் போட்டார்.

பஸ்ஸில் வேறு கஷ்டம். உட்கார்ந்தால் வலி கூடும் என்பதால் மாடத்தி நின்றுகொண்டே போவாள். நொண்டி நடக்கும் பெண்ணைப் பார்த்ததும் யாராவது எழுந்து இடம் தருவார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். "பாவம்னு எந்திரிச்சா மதிக்க மாட்டேங்கியே" என்று ஒரு பெரியவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் முனகிக்கொண்டே வந்தார்.

புரட்டாசி கடைசியில் புதுக் கஷ்டம் வந்தது. கால் வலி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது; ஆனால் இடுப்பில் பாறாங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் வலித்தது. இதுவரைக்கும் இடுப்பில் இப்படி வலித்ததே இல்லை.

"இப்ப இடுப்பும் போச்சா? நாந்தான் அப்பமே சொன்னேனே. பேசாம படு" என்றார் ரத்தினம்.

மாடத்திக்கும் பயம் பிடித்தது. ரோசம்மாள் சொன்னது வலி வந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆபரேஷன்தான் கண்முன் நின்றது. அப்புறம் சேத்தூர்ப் பிள்ளை தன் நாலு தறிக்கு நடுவில் நடப்பது தெரிந்தது. பயிற்சியை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். குருசாமி கூப்பிட்டும் திரும்பவில்லை.

மறுநாளும் அப்படியே கிடந்தாள். பாய்க்குப் பக்கத்தில் சிந்திய கருப்பட்டிக் காப்பிக்கு எறும்பு சாரி சாரியாக வந்தது. அதில் ஒன்று அவளுடைய வலது பெருவிரலில் ஏறி நறுக்கென்று கடித்தது.

"ஆத்தா, எறும்பு" என்று கத்தினாள் மாடத்தி.

"எறும்புதான, தட்டி விடு" என்றார் ரத்தினம் அடுப்படியிலிருந்து.

"அத்தை, எறும்பு கடிச்சிருச்சு அத்தை. பெருவிரல்ல. வலிக்கி."

ரத்தினம் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். எறும்பு கடித்ததற்கு மருமகள் ஏன் சிரிக்கிறாள், ஏன் கண்ணைத் துடைக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. மாடத்தி விரலைப் பார்த்துக்கொண்டே அதைத் தூக்கினாள். நடுங்கிக்கொண்டு கொஞ்சம் எழுந்தது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாத பாதம் அது. அப்போதுதான் ரோசம்மாள் சொன்னது முழுதாக நினைவுக்கு வந்தது. வலி கீழே இருந்து மேலே ஏறணும். ஏறித்தான் வந்திருக்கிறது. இடுப்பில்தான் அது பிறந்தது. திரும்பி அங்கேயே போயிருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது ரோசம்மாள் விரலை அழுத்திப் பார்த்தாள். இந்தத் தடவை விரல் எதிர்த்துத் தள்ளியது.

"பாதியில நிறுத்திட்டீங்களா?"

"ஆமா, பயந்துட்டேன்."

"இப்படித்தான் நெறைய பேர் கரைக்குப் பக்கத்துல வந்து நீச்சலை விட்டுருவாங்க" என்று சொல்லிவிட்டு, முதுகுக்கும் வயிற்றுக்கும் பலம் வரப் புதுப் பயிற்சிகள் கற்றுக்கொடுத்தாள். ஒரு வாளியை வைத்து, இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பாரத்தை வயிற்றோடு அணைத்துத் தூக்கச் சொல்லிக் கொடுத்தாள். "இதை மட்டும் முன்னாடியே செஞ்சிருந்தா நாம பாத்திருக்கவே மாட்டோம்" என்றாள்.

"பீம் என்ன செய்ய? அது வாளி இல்லையே."

"அது ஒரு ஆள் பாரம் இல்ல அக்கா. எப்படித் தூக்கினாலும் இல்ல."

ஐப்பசி மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு மாடத்தி தினமும் நடந்தாள். முதலில் தெருமுனை வரைக்கும், அப்புறம் பஞ்சு மார்க்கெட் வரைக்கும். அண்ணன் வரும்போது கூட நடப்பான். வார் வைத்த செருப்பு சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான். வாரை அறுத்துவிடு என்று அவள் சொன்ன அன்றைக்கு அவன் உடனே பிளேடை எடுத்துவந்தான்.

தீபாவளி கழிந்து தறி ஓடத் தொடங்கிய அன்று காலையில் மாடத்தி செட்டில் நின்றாள். சத்தமும் பஞ்சுத் தூசியும் அப்படியே இருந்தன. சீனிச்சாமி அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார்.

"நிக்கியே. நல்லது. முதல் தறிக்குப் பாவு முடிஞ்சிருச்சு. பீமை ஏத்து."

"கூட ஒரு ஆள் வரட்டும் மொதலாளி."

"ஆள் டீ குடிக்கப் போயிருக்கான். நீ முன்ன தனியாத் தூக்கினவதான?"

"தூக்கினதுனாலதான் படுத்துக் கிடந்தேன். நாலு தறியும் ஓட்டுதேன். முன்ன மாதிரியே ஓட்டுதேன். பீமை ஒத்தையில தொட மாட்டேன்."

செட்டில் இருந்தவர்கள் கை வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள். சீனிச்சாமிக்கு முகம் சிவந்தது. "பீம் தூக்க மாட்டேன்னா சேத்தூர்ப் பிள்ளையக் கூப்பிடுதேன். இது என்ன மலையா? இந்தா பாரு" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, பீமின் முனையைப் பிடித்துத் தூக்கித் திரும்பினார்.

பாதி திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். பீம் தரையில் இறங்கியது. அவர் மட்டும் நிமிரவில்லை. முகம் வேர்த்தது.

"மாடத்தி" என்றார் மெல்லிய குரலில். "பிடிச்சிக்கிருச்சு. ஒரு மிதி மிதி தாயி."

எல்லோர் பார்வையும் அவள் வலது காலில் விழுந்தது. சீனிச்சாமி எப்படியோ நகர்ந்து தூணைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டினார். முதலாளி முதுகை மிதிக்கலாம், மிதித்தால் தறியும் கிடைக்கும். ஐந்து வயதிலிருந்து செய்த காரியம்தான்.

"மிதிக்க மாட்டேன் மொதலாளி" என்றாள் மாடத்தி. "மிதிச்சுத்தான் எனக்கு வெரல் செத்துச்சு. மொதல்ல சொல்லுங்க, வலி கால்ல இறங்குதா?"

"இல்ல. இடுப்புலதான்."

"கால் மரக்குதா?"

"இல்லட்டி, நிமிர முடியல, அம்புட்டுத்தான்."

"அப்பம் பயப்படாதீங்க. எனக்குச் சொன்ன பயிற்சி ஒங்களுக்கு ஒத்துக்கிடுமான்னு எனக்குத் தெரியாது. எப்படிச் சாஞ்சா வலி குறையுதோ அப்படிச் சாயுங்க. நாளைக்கு ஒருத்தங்ககிட்டக் கூட்டிட்டுப் போறேன்."

பேண்டேஜ் துணிக் கட்டைப் பிரித்துத் தரையில் விரித்து அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். டீ குடிக்கப் போன ஆள் அப்போதுதான் வந்து சேர்ந்தான். மாடத்தி அவனைப் பீமின் மறுமுனைக்கு அனுப்பினாள். இருவரும் முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, சேர்ந்து தூக்கித் தறியில் ஏற்றினார்கள். படுத்திருந்தபடியே சீனிச்சாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடத்தி நூல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து முடித்து, சுவிட்சைப் போட்டாள். முதல் தறி ஓடியது.

மறுநாள் காலை இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் போனார்கள். சீனிச்சாமிக்கு உட்கார முடியவில்லை. மாடத்திக்கு இப்போது உட்கார முடியும். ஆனால் முதலாளி நிற்கும்போது எப்படி உட்காருவது என்று அவளும் நின்றாள். கண்டக்டர் காலியாகக் கிடந்த சீட்டைக் காட்டிக் காட்டிச் சலித்துப்போனார்.

கிருஷ்ணன்கோவிலுக்குப் போகிற காலேஜ் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனது. சீனிச்சாமி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார், "இனிமே செட்ல பீமுக்கு ரெண்டு ஆளுன்னு சொல்லிட்டேன். எல்லாத் தறிக்கும்."

"சேத்தூர்ப் பிள்ளை?"

"அவளுக்குத் தனியா வேற தறி போடணும்" என்றார் சீனிச்சாமி. "உன் தறிய யாருக்குக் குடுக்க?"